பொய் சொன்னவருக்கு ஒரு நாவல், பழி சுமந்தவருக்கு என்ன? (குடும்பக் கதைகள் பற்றி ஒரு விவாதம்)

செம்பனை நிழல் | சுங்கை சிப்புட்

நம் வாசகர் வட்டத்தின் போன கூட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது, பேச்சைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிட்டோம். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் இங்கே இழுத்து வருகிறேன்.

வராதவர்களுக்காக: நாம் எடுத்துக்கொண்டது பிரீத்தா சமரசனின் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே', 2008ல் வந்த மலேசிய ஆங்கில நாவல். நம் ஊரிலிருந்து கொஞ்ச நேர ஓட்டத்தில் இருக்கும் ஈப்போவில், வழக்கறிஞர் ராஜசேகரன் வீட்டில் நடக்கிறது. வருஷம் 1980. பாட்டி குளியலறையில் விழுந்து இறந்துபோகிறார். அதற்குக் காரணம் வேலைக்காரப் பெண் செல்லம்தான் என்று ஆறு வயது ஆஷா சொல்கிறாள். யாரைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். வீடே அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்கிறது. நம்பியதால் இல்லை, எல்லாருக்கும் வசதியாக இருந்ததால். செல்லத்தை வெளியே அனுப்புவதில் தொடங்கிக் கதை பின்னோக்கிப் போகிறது.

கூட்டத்தில் எல்லாரும் ஆஷாவைப் பற்றியே பேசினோம். பாவம் குழந்தை, தனிமை, அக்கா மேல் இருந்த பாசம், வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போகிற குற்றவுணர்ச்சி. செல்லத்தின் பேச்சு வந்தபோது மணி பார்க்க ஆரம்பித்துவிட்டோம். கவனித்தீர்களா?

நம்மை மட்டும் சொல்லவில்லை. இந்த வகை நாவல்களின் பழக்கமே இதுதான். 'அட்டோன்மென்ட்' எடுங்கள். பொய் சொல்வது பெரிய வீட்டுப் பெண் பிரையனி, சிறைக்குப் போவது அந்த வீட்டு வேலைக்காரம்மாவின் மகன் ராபி. 'கைட் ரன்னர்': கடிகாரத்தையும் பணத்தையும் படுக்கைக்குக் கீழே ஒளித்து வைப்பது அமீர், திருட்டுப் பட்டம் வேலைக்காரர் மகன் ஹஸனுக்கு. அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்': போலீஸில் பொய்ப் புகார் கொடுப்பது பேபி கொச்சம்மா, லாக்கப்பில் சாவது தச்சன் வெளுத்தா.

வீட்டுக்குள் இருப்பவர் பொய் சொல்கிறார். வீட்டுக்கு வேலை செய்பவர் விலை கொடுக்கிறார். அதற்கப்புறம் வரும் பக்கமெல்லாம் பொய் சொன்னவரின் மனவேதனை. அவர் அழுகிறார், எழுதுகிறார், பரிகாரம் தேடி ஊர் ஊராகப் போகிறார். நாமும் கூடவே அழுகிறோம். குற்றவுணர்ச்சி என்பதும் வசதி உள்ளவர்களுக்குக் கிடைக்கிற ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து?

---

கோப்பி ஓ | ஈப்போ

அக்கா, கேள்வி நல்ல கேள்வி. பட்டியலும் கச்சிதமாக இருக்கிறது. ரொம்பக் கச்சிதமாக இருப்பதால்தான் சந்தேகம் வருகிறது.

முதலில் கதை சொல்லும் நுட்பம். பொய் சொன்னவருக்குத்தான் என்ன நடந்தது என்று தெரியும். பழி சுமந்தவருக்குத் தன்மேல் ஏன் விழுந்தது என்றே தெரியாது. ராபிக்கு அந்தப் பெண் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கடைசிவரை தெளிவாகத் தெரியாது. தெரியாதவரிடம் கதையைக் கொடுத்தால் அது துப்பறியும் கதையாகிவிடும்.

இரண்டாவது, பிரையனியை அந்த நாவல் மன்னிக்கிறது என்று யார் சொன்னது? 1935ல் பொய் சொல்லும்போது அவளுக்கு 13 வயது. 1999ல், 77 வயதுக் கிழவியாக, ஒரு விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். இத்தனை பக்கமாக நாம் படித்த சமாதானக் காட்சி அவள் கற்பனை. பிரையனியின் அக்காவும் அவளுடைய காதலன் ராபியும் 1940லேயே செத்துப்போனார்கள். அவர்களைச் சேர்த்துவைத்து எழுதியதும் இன்னொரு பொய். இவ்வளவையும் காட்டிவிட்டு, 'நாவலாசிரியை கடவுள் மாதிரி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறாள், அப்படிப்பட்டவளை மன்னிக்க மேலே யார் இருக்கிறார்கள்?' என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார் அதை எழுதிய மெக்கியூவன். இது நீங்கள் சொல்கிற குற்றச்சாட்டைத்தான் நாவலே தன்மேல் வைத்துக்கொள்கிறது. இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?

---

ஓய்வு வாத்தியார் | சுங்கை சிப்புட்

இரண்டு பேரும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டீர்கள். அந்த ஈப்போ நாவலின் தலைப்பே குறுந்தொகை 234லிருந்து எடுத்தது என்பதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளுவர் இந்த விஷயத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள் வைத்திருக்கிறார். 292ல் 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்'. 293ல் 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்'. பள்ளியில் முதல் குறளைச் சொன்னதும் பையன்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். உடனே அடுத்ததைச் சொல்லி அணைத்துவிடுவேன். நம் குடும்பங்கள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகின்றன. வீட்டில் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் 292ஐத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவோம். ராத்திரி தூக்கம் வராதபோது 293 வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செம்பனை நிழல் அம்மா சொல்கிற 'உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர்' கணக்குக்குத் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' அடங்காது. 1966ல் வந்தது. அலங்காரத்துக்குக் கணவன் தண்டபாணி உயிரோடு இருக்கும்போதே சிவசுவோடு உறவு. கடைசிப் பிள்ளைகள் யாருடையவை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள். தன் பாவத்தைக் கழுவ அவள் என்ன செய்கிறாள்? மூன்றாவது பிள்ளை அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள். அவன் வேதம் படித்து ரிஷி மாதிரி வந்து நிற்க வேண்டும், அவன் காலில் விழுந்து தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. அம்மாவின் குற்றவுணர்ச்சிக்குப் பிள்ளையின் இளமை முழுக்க விலை. அவனுக்கு அந்த விலை தெரியாது. பாடசாலை வீட்டுப் பெண் இந்து சொல்லித்தான் தெரிகிறது.

இதில் வேலைக்காரி இல்லை, ஏழை இல்லை. பழி சுமந்தவன் சொந்த மகன். சொல்லப்போனால் பழிகூட இல்லை, புண்ணியத்தைச் சுமக்கவைத்தார்கள். அது இன்னும் கொடுமை.

அந்தத் தண்டபாணியைப் பாருங்கள். எல்லாம் தெரிந்தும் வேதாந்தம் பேசிக்கொண்டு மாடியில் இருக்கிறார். பொய் சொன்னவளைவிட, பொய்க்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்த ஆள். அவரை என்ன செய்வது? படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும் எனக்கு.

---

கோப்பி ஓ | ஈப்போ

ஐயா, அந்த மாடி எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு டிவி என்று பேர்.

---

அக்கினி மழை | தைப்பிங்

ஜெயகாந்தனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எனக்குத் தெரிந்து ஒரே பொய்யை ஒருமுறை காப்பாற்ற விட்டு, இன்னொரு முறை காப்பாற்ற விடாமல் எழுதிப் பார்த்தவர் அவர்தான்.

'அக்கினிப் பிரவேசம்' 1966. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெட்டுப்போய் வீட்டுக்கு வருகிறாள். அம்மா முதலில் பதறிக் கத்துகிறாள். அப்புறம் சட்டென்று நிதானத்துக்கு வந்து, தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அண்ணனுக்குக்கூடத் தெரியக்கூடாது. அக்கம்பக்கத்தாரிடம் வேறு காரணம் சொல்லிச் சமாளிக்கிறாள். அது பொய்தான். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

பிறகு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதுகிறார். 1972ல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. அதில் அம்மாவின் கத்தல் ஊருக்கே கேட்டுவிடுகிறது. அண்ணன் வெளியே துரத்துகிறான். அந்தப் பெண் கங்கா படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், ஆனால் ஆயுசுக்கும் அந்த ஒரு மாலைப்பொழுதுக்குள்ளேயே நிற்கிறாள். அந்த நாவலில் கங்காவே முதல் கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள் என்பதுதான் விசேஷம். இப்படி ஒரு அம்மா எனக்குக் கிடைத்திருக்கக்கூடாதா என்று தோன்றும் இல்லையா?

ஆக, பொய் தப்பு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அம்மா ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தால் ஒரு வாழ்க்கை. மூடவில்லை என்றால் வேறு வாழ்க்கை. ஆஷாவும் யாரையோ காப்பாற்றத்தான் பொய் சொன்னாள், அந்த அம்மாவும் காப்பாற்றத்தான் சொன்னாள். ஒருத்தி பொய்யில் அடுத்தவள் தெருவில் நின்றாள், இன்னொருத்தி பொய்யில் யாரும் நிற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், பெரிய வித்தியாசம்.

---

தண்டவாளம் | தெலுக் இந்தான்

புத்தகம் அதிகம் படிக்கிற ஆள் இல்லை நான். மகள் சொல்லித்தான் இந்த இழையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன், எந்தக் கணக்கில் சேர்ப்பீர்களோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவின் அப்பாவைச் சயாமுக்கு (இப்போதைய தாய்லாந்து) பிடித்துக்கொண்டு போனார்கள். 1942லிருந்து 1943 அக்டோபர் வரை ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. கித்தாக் காட்டு (ரப்பர் தோட்டத்து) ஜனங்கள் எத்தனையோ பேர் போய் அங்கேயே மண்ணானார்கள். அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்றும், ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றும் நாவல் எழுதியிருக்கிறார்கள். மகள் வாசித்துக் காட்டினாள். முழுக்கக் கேட்க முடியவில்லை.

தாத்தா செத்துப்போய்விட்டதாகத் தோட்டத்துக்குச் சேதி வந்தது. கங்காணி கொண்டுவந்த சேதி. கையில் குழந்தை, அரிசி கிடைக்காத காலம், மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. பாட்டி இன்னொருவரோடு சேர்ந்துகொண்டார். அந்த மனிதரும் நல்லவர்தான். சண்டை முடிந்து கொஞ்ச நாளில் தாத்தா உயிரோடு வந்து நின்றார், காலில் ஆறாத புண்ணோடு.

மூன்று பேரும் ராத்திரி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து தாத்தா எங்கள் அம்மாவுக்குப் பெரியப்பா. அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாலு வீடு தள்ளி ஒண்டிக்கட்டையாக இருந்தார். சம்பள நாளில் அம்மாவுக்குப் பிஸ்கட் வாங்கி வருவார். அம்மா கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தது மற்றவர். தாத்தா தானே கேட்டு வாங்கிக்கொண்டு பின்பக்கம் சோறு வடித்துக்கொண்டிருந்தாராம். மேடைப் பக்கமே வரவில்லை.

அவர் இறந்த அன்று பாட்டி தலைமாட்டில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு அழுதார். மூத்தாருக்கு அழுகிற அழுகை இல்லை அது. அம்மாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதில் பொய் சொன்னவர் யார்? கங்காணி வேண்டுமென்று சொன்னாரா, கேட்டதைச் சொன்னாரா, அதுவும் தெரியாது. பழி சுமந்தவரே பொய்க்குக் கையெழுத்துப் போட்டால் அதற்கு உங்கள் நாவலில் என்ன பேர்? என் அம்மா மட்டும் மூன்று பேர் மேலும் கோபமாகவே இருந்து செத்தார். அவர் பங்குக்கு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று.

---

செம்பனை நிழல் | சுங்கை சிப்புட்

அண்ணே, இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை அழித்துவிட்டேன். உங்கள் அம்மாவின் கோபம்தான் எனக்கு ரொம்ப நியாயமாகப் படுகிறது. பெரியவர்கள் மூன்று பேரும் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள், குழந்தையைக் கணக்கில் எடுக்கவில்லை. அப்புவும் அங்கேதான் நிற்கிறான்.

---

மீனா லூனாஸ் | லூனாஸ்

கெடாவிலிருந்து ஒரு குரல். என் அம்மா பிறப்பால் சீனர். தமிழ் வீட்டில் வளர்ந்தவர். நம் தோட்டங்களில் இது புதிதில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்றோ, ராசி சரியில்லை என்றோ, சோற்றுக்கு வழியில்லை என்றோ கொடுத்துவிட்ட சீனக் குழந்தைகளைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தார்கள். வெள்ளை முகமும் பின்னல் ஜடையும் பாவாடையுமாகத் தீமிதியில் பால்குடம் தூக்குகிற அக்காவை எல்லாத் தோட்டத்திலும் பார்த்திருப்பீர்கள்.

பாட்டி என் அம்மாவிடம் சொன்னதே இல்லை. 'கருவில் இருக்கும்போது குங்குமப்பூ சாப்பிட்டேன், அதான் நிறம்' என்பதே பதில். ஊரில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள். அம்மா பாட்டியைத்தான் நம்பினார்.

12 வயதில் ஐ.சி. (அடையாள அட்டை) எடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, 'இனம் சீனம்' என்று சத்தமாகப் படித்தாராம், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்படி. பாட்டி வெற்றிலையைத் துப்ப வெளியே போயிருந்த நேரம்.

நாவல்களில் உண்மை வெளிப்படும் இடம் எவ்வளவு அமர்க்களமாக இருக்கிறது! 'கைட் ரன்னர்' கதையில் ஹஸன் தன் அப்பாவுக்குப் பிறந்தவன் என்பது அமீருக்கு எவ்வளவு காலம் கழித்து, எந்த ஊரில், எப்படிப்பட்ட பேச்சுக்கு நடுவில் தெரிகிறது பாருங்கள். பொய் சொல்வது ஒருவருக்குச் சேர வேண்டிய உண்மையைத் திருடுவது என்று பிள்ளைக்குப் போதித்த அதே அப்பா! எங்கள் வீட்டில் ஒரு குமாஸ்தா பாரத்தை நிரப்பும்போது தெரிந்தது. அப்புறம் இரண்டு பேரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சமைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், பாட்டி மேல் கோபமா என்று. 'பொய் சொன்னதுக்குக் கோபம் இல்ல. நான் நம்புனதப் பாத்துக்கிட்டே இருந்தாங்க பாரு, அதுக்குக் கொஞ்சம்' என்றார்.

---

நெறியாளர்

சொந்தக் கதை எழுதுபவர்கள் உயிரோடு இருப்பவர்கள் பேர், தோட்டத்தின் பேர் போட வேண்டாம். இதுவரை யாரும் போடவில்லை, நன்றி. தொடருங்கள்.

---

கோப்பி ஓ | ஈப்போ

செம்பனை அக்கா, ஒன்று கேட்கலாமா? கூட்டத்திலும் செல்லம் பேச்சு வந்தபோது உங்கள் குரல் மாறியது. இது வெறும் இலக்கிய விமர்சனம் மாதிரித் தெரியவில்லையே.

---

செம்பனை நிழல் | சுங்கை சிப்புட்

இல்லைதான்.

என் பாட்டி கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டில் வேலை செய்தவர். துணி துவைப்பது, வீடு கூட்டுவது, பிள்ளைகளைப் பார்ப்பது. தோட்டத்தில் அது நல்ல வேலை. வெயில் இல்லை, அட்டை இல்லை, மிச்சக் குழம்பு வீட்டுக்கு வரும். ஒருநாள் கிராணியம்மாவின் கெம்புக்கல் தோடு காணாமல் போனது. பாட்டி உள்ளே போய் வருகிறவர், வேறு யார் எடுத்திருக்க முடியும்? அந்த வீட்டு இரண்டாவது மகன், பாட்டி அந்த அறையிலிருந்து வந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். போலீஸுக்குப் போகவில்லை. 'பாவம் பிள்ளைகுட்டிக்காரி' என்று விட்டுவிட்டார்களாம். மறுநாள் பெரட்டில் (காலையில் பேர் வாசித்து வேலை பிரிக்கும் இடத்தில்) பாட்டி பேரை மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள்.

முதுகில் பம்பு தூக்கிப் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. கையுறை கிடையாது. பாட்டியின் விரல் நகங்களை நான் பார்த்திருக்கிறேன். பாதி நகம் பழுப்பாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், சிலதில் நகமே இருக்காது. தேங்காய் உரிக்கத் தெரிந்தவருக்கு வேர்க்கடலை உரிக்க வராது. லயத்தில் யார் வீட்டிலாவது ஏதாவது காணாமல் போனால் முதலில் எங்கள் வாசலைத்தான் பார்ப்பார்கள். என் அம்மா 'தோட்டுக்காரி மகள்' என்று கூப்பிடப்பட்டே வளர்ந்தவர்.

பல வருஷம் கழித்து அந்த மகன் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று, கோயில் திருவிழாவுக்கு வந்தார். பாட்டி உயிரோடு இருந்தார். எல்லார் முன்னாலும் பாட்டி காலில் விழுந்தார். தோட்டை எடுத்து டவுன் அடகுக் கடையில் வைத்தது தான்தான் என்றார். சீட்டாட்டக் கடன். பாட்டியை நிறுத்தியபின் கிராணியம்மாவே துணி துவைத்திருக்கிறார், அப்போது மகன் சட்டைப் பையில் அடகுச் சீட்டு கிடைத்திருக்கிறது. சத்தமில்லாமல் மீட்டு வைத்துக்கொண்டார். தோட்டத்தில் இருந்தவரை அதைக் காதில் போடவே இல்லையாம். அந்த மகன் அழுதார், சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். 'இந்த வயசில் இதை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும்' என்று ஊரெல்லாம் பேச்சு. கோயில் தலைவர் துண்டு போர்த்தினார், எனக்குத் தெரிந்து பொய்சாட்சி சொன்னதற்குப் பொன்னாடை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: 'அந்தத் தோடு இப்ப யாருகிட்ட இருக்கு?'

மருமகளிடம் இருக்கிறதாம். பாட்டி சரி என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கதையை யாராவது நாவலாக எழுதினால் யாரைக் கதாநாயகனாக வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு உள்போராட்டம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, கோயில் உச்சக்கட்டம் இருக்கிறது. பாட்டியிடம் நகம்தான் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

---

ஓய்வு வாத்தியார் | சுங்கை சிப்புட்

அம்மா, அவர் அழுதது நடிப்பு என்று சொல்ல வருகிறீர்களா? அப்படி இல்லை என்றால், வாய் திறக்காமலேயே செத்துப்போன கிராணியம்மாவைவிட அவர் மேல்தானே? குந்தி கர்ணன் விஷயத்தை யுத்தம் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போதுதான் தருமனிடம் சொல்கிறாள். இவர் பாட்டி உயிரோடு இருக்கும்போதாவது சொன்னார்.

---

செம்பனை நிழல் | சுங்கை சிப்புட்

நடிப்பு இல்லை ஐயா, நிஜமான அழுகைதான். ஆனால் அழுதுவிட்டு அவர் காரில் ஏறிப் போனார், தோடு மருமகளிடமே இருந்தது. அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரி கிராணியம்மா என்ன நினைத்தார்? அதை எழுதுகிற நாவல் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். தெரிந்தும் மூடிவைத்தவர்தான் எனக்குப் பெரிய ஆள். தண்டபாணி விஷயத்தில் ஐயா கட்சிதான் நானும்.

---

கோப்பி ஓ | ஈப்போ

பாட்டியின் கேள்விக்கு முன்னால் நான் சொல்வதெல்லாம் சின்னதுதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராயை நீங்கள் தப்பான வரிசையில் நிற்க வைத்துவிட்டீர்கள்.

அந்த நாவலில் ஏழு வயசு எஸ்தாவிடம், அம்மாவைக் காப்பாற்ற வேண்டுமா ஜெயிலுக்கு அனுப்ப வேண்டுமா என்று பயம் காட்டித்தான் இன்ஸ்பெக்டர் கேள்விக்கு ஆமாம் சொல்ல வைக்கிறார்கள். அந்த ஒரு தலையாட்டலுக்கப்புறம் எஸ்தா பேச்சையே விட்டுவிடுகிறான். சரி, இதுவரை உங்கள் கணக்குதான். ஆனால் புத்தகம் எங்கே முடிகிறது? குற்றவுணர்ச்சியில் முடியவில்லை. வெளுத்தா செத்தது நமக்குத் தெரிந்து ரொம்ப நேரமான பிறகு, கடைசி அத்தியாயத்தில் அவன் உயிரோடு ஆற்றைக் கடந்து வருகிறான். அவன் உடம்பு, அவன் சிரிப்பு, அவன் ஆசை. காலவரிசையை உடைத்ததே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். போலீஸ் ரிப்போர்ட்டில் பிணமாக இருந்தவனை மனுஷனாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

பிரீத்தா சமரசனும் பின்னோக்கித்தான் போகிறார். துரத்தப்பட்ட செல்லத்தில் தொடங்கி, அந்த வீட்டுக்குள் வந்த செல்லத்தை நோக்கி. செல்லம் பேச்சு வந்தபோது மணி பார்த்தது நாமா, நாவலா? அதைப் பிரித்துப் பாருங்கள் அக்கா.

---

மீனா லூனாஸ் | லூனாஸ்

கோப்பி தம்பி சொன்னதில் பாதி சரி. இன்னொன்றும் இருக்கிறது, யாரும் தொடவில்லை. செல்லத்துக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அவள் சம்பளத்தை வாங்கிப்போக வருகிற அப்பா இருக்கிறார். அந்தக் காசு சாராயமாகப் போகிறது. வழக்கறிஞர் வீட்டார் அவளை ஒருமுறை காட்டிக்கொடுத்தார்கள். சொந்த அப்பா மாதாமாதம் காட்டிக்கொடுத்தார். அவருக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனதாக எங்கேயும் படித்த ஞாபகம் இல்லை. பணக்கார வீட்டுக் குற்றவுணர்ச்சிக்குத்தான் பக்கம் ஒதுக்குகிறார்கள் என்றால், ஏழை அப்பனின் குற்றவுணர்ச்சிக்கும் நாலு பக்கம் வேண்டாமா? அவனைக் குடிகாரன் என்று எழுதி முடித்துவிட்டால் அதுவும் ஒருவகையில் பெரட்டில் பேர் வாசிப்பதுதான்.

எங்கள் பக்கத்து பீடோங்கில் நடக்கிற கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981) இதை வேறு மாதிரி செய்கிறது. அதில் யாரும் பெரிய பொய் எதுவும் சொல்வதில்லை. ரவி ஆங்கிலம் படிக்கிறான், இங்கிலாந்து போய் ஆசிரியராகத் திரும்புகிறான். அப்பா ஒரு துண்டு நிலத்துக்காக அலைந்து புத்தி பேதலிக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறான். துரோகம் என்று கையை நீட்டிக் காட்ட ஒரு நிகழ்ச்சிகூடக் கிடைக்காது. படித்து மேலே வந்த தோட்டத்துப் பிள்ளைகள் நமக்கெல்லாம் ஆஷாவைவிட ரவிதான் கிட்டத்து உறவு. அதனால்தான் ஆஷாவைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருக்கிறதோ என்னவோ.

---

தண்டவாளம் | தெலுக் இந்தான்

அந்த ரவி கதை தமிழில் கிடைக்குமா? மகளிடம் வாசிக்கச் சொல்ல வேண்டும்.

---

அக்கினி மழை | தைப்பிங்

அண்ணே, என்னிடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். மகளையும் அழைத்து வாருங்கள், அவரே தமிழில் சொல்லிவிடுவார்.

---

ஓய்வு வாத்தியார் | சுங்கை சிப்புட்

அடுத்த கூட்டத்துக்கு 'அம்மா வந்தாள்' என்று முடிவு செய்துவிட்டேன், யாரும் ஆட்சேபிக்க வேண்டாம். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றில் காப்பிக் கறை, பொறுத்துக்கொள்ளுங்கள். செம்பனை நிழல் அம்மா தண்டபாணியைப் பற்றிப் பேச வேண்டும். கிராணியம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

செம்பனை நிழல் | சுங்கை சிப்புட்

பேசுகிறேன் ஐயா. செல்லத்தின் அப்பனைப் பற்றி மீனா கேட்டதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் வருவேன். ஆனால் அலங்காரம் கடைசியில் காசிக்குப் போவதை மட்டும் பரிகாரம் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கக்கூடாது.

---

கோப்பி ஓ | ஈப்போ

அதைத்தான் எடுக்கப்போகிறேன். அவளை யாரும் அனுப்பவில்லை, யாரும் காலில் விழச் சொல்லவில்லை, ஊர் கூடி அழவும் இல்லை. பிள்ளை தன் கணக்குக்குப் பிடிபடாமல் போய்விட்டான் என்று தெரிந்ததும் தானாகக் கிளம்புகிறாள். உங்கள் பட்டியலில் இருக்கும் ஒருவரும் இதைச் செய்யவில்லை. தயாராக வாருங்கள் அக்கா, ரொட்டி சானாய் என் செலவு.